விசைப்பலகை யார் கையில்?



பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். பட்டையைச் சீவியதும் பால் வெட்டு வழியே இறங்கி, தகரப் பீலியைத் தொட்டு, கீழே கட்டியிருக்கும் மங்கில் சொட்டும். வெட்டுகிறவர் மங்கைப் பார்த்துக்கொண்டே நிற்பதில்லை. அது வைத்த இடத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையில் அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறார். அவர் போன பிறகு யாரோ வந்து மங்கை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டால் என்ன ஆகும்? மரம் பால் தருவதில் குறை வைக்காது. வெட்டியவருடைய உழைப்பிலும் குறை இல்லை. ஆனால் பால் மண்ணில் விழும்.

இன்று நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரங்கள் குறைந்து செம்பனை மிகுந்துவிட்டது. லிங்கி, லாபு, பகாவ் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்த மாற்றத்தைக் காணலாம். வேலை மாறியதைப் போலவே வீட்டு நடப்பும் மாறியிருக்கிறது. முன்பு கிராணியிடம் சொல்லி எழுதி வாங்கிய மனுக்களை இப்போது நம் பிள்ளைகள் கணினியில் தாங்களே நிரப்புகிறார்கள். ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பார்ப்பதும், உதவித் தொகைக்குப் பதிவதும், எஸ்.பி.எம். முடித்த பிள்ளை உயர்கல்விக்கு விண்ணப்பிப்பதும் இணையத்தின் வழியே நடக்கின்றன. அங்கேயும் மங்கை நகர்த்துகிற வேலை ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். மகள் உயர்கல்விக்கான யூபியூ விண்ணப்பப் பக்கத்தைத் திறக்கிறாள். இரவல் வாங்கிய மடிக்கணினி. கைப்பேசியிலிருந்து பகிர்ந்துகொண்ட இணைய இணைப்பு. மழை வேறு பெய்கிறது. பக்கம் பாதி வந்து நிற்கிறது. பெயர் கேட்கும் கட்டமும் மறைச்சொல் கேட்கும் கட்டமும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டதால் அவள் வேலையைத் தொடங்கிவிடுகிறாள். முதல் கட்டத்தை நிரப்பி, அடுத்த கட்டத்துக்குப் போய், விரல்களைப் பார்த்தபடியே மறைச்சொல்லைத் தட்டுகிறாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தின் மீதிப் பகுதி வந்து சேர்கிறது. வந்ததும் பக்கம் தானாகவே எழுத்து விழும் இடத்தை முதல் கட்டத்துக்கு இழுத்துக்கொள்கிறது. அவள் நிமிர்ந்து பார்க்கும்போது, புள்ளிகளாக மறைந்திருக்க வேண்டிய மறைச்சொல்லின் பிற்பாதி, பெயருக்குப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்படி பச்சையாக நிற்கிறது. பின்னால் நிற்கும் பக்கத்து வீட்டுப் பையனும் அதைப் படிக்கலாம்.

இதில் அந்தப் பெண்ணின் தவறு என்ன? ஒன்றும் இல்லை. ஆனாலும் நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "உனக்குக் கவனம் பத்தாது" என்கிறோம். பெரியவர்களுக்கு இப்படி நேர்ந்தால், "இந்தக் கணினியெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று எழுந்துவிடுகிறார்கள். யாரோ எழுதிய ஒரு கட்டளைக்காக நம்மவர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். இந்த எண்ணத்தைப் போக்குவதே இன்றைய பேச்சின் முதல் நோக்கம்.

இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கணினித் திரையில் பல கட்டங்கள் இருக்கலாம். ஆனால் விசைப்பலகை ஒன்றுதான். எனவே ஒரு நேரத்தில் ஒரே இடத்தில்தான் எழுத்து விழும். துடித்துக்கொண்டிருக்கும் சின்னக் கோடு அந்த இடத்தைக் காட்டும். ஆங்கிலத்தில் இதற்கு ஃபோகஸ் என்று பெயர். நாம் எழுத்து விழும் இடம் என்றே சொல்லிக்கொள்வோம். அந்த இடத்தை நாமே மாற்றலாம். சுட்டெலியால் ஒரு கட்டத்தைத் தொடலாம். அல்லது டேப் விசையைத் தட்டி அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஷிஃப்ட் விசையோடு டேப் விசையைத் தட்டினால் முந்திய கட்டத்துக்குத் திரும்பலாம். இவையெல்லாம் நம் விருப்பப்படி நடப்பவை.

இணையப் பக்கமும் அந்த இடத்தை மாற்ற முடியும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. பக்கம் எழுதப்படும் எச்.டி.எம்.எல். மொழியிலேயே, "திறந்தவுடன் இந்தக் கட்டத்தில் போய் நில்" என்று ஒரு குறிப்பு எழுதலாம். அதன் பெயர் ஆட்டோஃபோகஸ். இது முதல் வழி. பக்கத்தோடு சேர்ந்து வரும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கட்டளைத் தொகுப்பின் மூலம் இடத்தை மாற்றுவது இரண்டாவது வழி. ஜாவாஸ்கிரிப்ட் 1995ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் உலாவிக்காகப் பிறந்தது. இந்தக் கட்டளை எந்த நொடியிலும் இயங்கலாம். பக்கம் முழுவதும் வந்த பிறகு இயங்கலாம். நாம் பாதி வரியில் இருக்கும்போதும் இயங்கலாம்.

வேகமான இணைப்பு உள்ள நகரத்து அலுவலகத்தில் பக்கம் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும். ஆள் விரலை எடுத்து வைக்கும் முன்பே இடம் மாறி முடிந்துவிடும். அவருக்கு ஒரு தொல்லையும் தெரியாது. செம்பனைக் காட்டுக்கு நடுவில், அலைவரிசை விட்டுவிட்டு வரும் வீட்டில், அதே பக்கம் தவணை முறையில் வருகிறது. கட்டம் கண்ணுக்குத் தெரிவதற்கும் கட்டளை இயங்குவதற்கும் இடையே பல வினாடிகள் ஓடிவிடுகின்றன. அந்த இடைவெளியில்தான் நாம் தட்டத் தொடங்குகிறோம். ஆக, பக்கத்தை உருவாக்கியவர் தம் மேசையில் சோதித்துப் பார்த்தபோது இல்லாத கோளாறு, நம் வீட்டில் வந்து முளைக்கிறது. இணைப்பு மெதுவாக உள்ளவர்கள் தலையிலேயே இந்தச் சுமை அதிகமாக விழுகிறது.

பிறகு ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்கலாம். அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. தேடுபொறியின் முதல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான், கட்டமும் ஒன்றுதான். திறந்தவுடன் அதில் எழுத முடிந்தால் ஒரு சொடுக்கு மிச்சமாகும். கையை அதிகம் அசைக்க முடியாதவர்களுக்கு அது உதவியும்கூட. ஆகவே இந்த வசதியே தீயது என்று நாம் சொல்ல வரவில்லை. ஒருவர் வேலையைத் தொடங்கிய பிறகு அவர் கையிலிருந்து பிடுங்குவதுதான் தவறு.

இதனால் வரும் கேடுகளைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

முதலாவது, மறைச்சொல் வெளிப்படுவது. திரையில் தெரிவதோடு இது நின்றுவிடுவதில்லை. பெயர்க் கட்டத்தில் எழுதி அனுப்பியவற்றை உலாவிகள் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை முதலெழுத்தைத் தட்டியதும் எடுத்துக் காட்டும். சொந்தக் கணினியில் இது உதவி. ஆனால் நாடி நிலையம் போன்ற பொது இடத்தில், பள்ளியில், நண்பர் வீட்டில், அடுத்து வந்து உட்காருகிறவருக்கு நம் மறைச்சொல் பரிந்துரையாகக் காட்டப்படலாம். தேடல் கட்டத்தில் விழுந்துவிட்டாலும் ஆபத்துதான். பல தேடல் கட்டங்கள், நாம் எழுதி முடிக்கும் வரை காத்திருப்பதில்லை. சொல் யோசனை சொல்வதற்காக ஒவ்வோர் எழுத்தையும் தட்டத் தட்டவே அனுப்பிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, எழுதியது தொலைவது. பின்னழிப்பு விசைக்கு, அதாவது பேக்ஸ்பேஸ் விசைக்கு, முன்பு இரண்டு வேலைகள் இருந்தன. கட்டத்துக்குள் நின்றால் எழுத்தை அழிக்கும். கட்டத்துக்கு வெளியே நின்றால் முந்திய பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். நாம் எழுத்தை அழிக்கிறோம் என்று நினைத்துத் தட்ட, எழுத்து விழும் இடம் வெளியே நகர்ந்திருந்தால், அரை மணி நேரம் நிரப்பிய படிவம் ஒரே தட்டில் போய்விடும். இப்படிப் பலருக்கு நேர்ந்ததால் 2016இல் குரோம் உலாவி அந்த இரண்டாவது வேலையை நீக்கியது. 2021இல் ஃபயர்பாக்சும் வின்டோஸ் கணினிகளில் அவ்வாறே செய்தது. பயனாளர்களின் புகார் வீண்போவதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

மூன்றாவது, அடையாள அட்டை எண். நம் மைகார்டில் 12 இலக்கங்கள் உள்ளன. முதல் ஆறு பிறந்த நாள்; அடுத்த இரண்டு பிறந்த மாநிலம்; கடைசியில் நான்கு. மாநில எண்ணில் 05 என்பது நெகிரி செம்பிலானைக் குறிக்கும். சில படிவங்கள் இந்த எண்ணை மூன்று கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கும். முதல் கட்டத்தில் ஆறு இலக்கம் நிரம்பியதும் இடம் தானாக இரண்டாம் கட்டத்துக்குத் தாவும். இது தெரியாத ஒரு தந்தை, தாம் பழகிய முறைப்படி டேப் விசையைத் தட்டுகிறார். ஏற்கெனவே இரண்டாம் கட்டத்துக்கு வந்துவிட்ட இடம் இப்போது மூன்றாம் கட்டத்துக்குப் போய்விடுகிறது. மாநில எண் கடைசிக் கட்டத்தில் விழுகிறது. திரும்பிப் போய்த் திருத்தலாம் என்று பார்த்தால், சரியாக எழுதப்படாத படிவங்களில், முதல் கட்டம் நிரம்பியிருப்பதைக் கண்டதும் மறுபடியும் முன்னே தள்ளிவிடும். "தவறான எண்" என்று சிவப்பு எழுத்தில் வரும். அவரோ தம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எண் சரி, கட்டம்தான் தவறு.

நான்காவது, நம் தமிழ் எழுத்து. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற செயலிகளால் இன்று நம் பிள்ளைகள் எளிதாகத் தமிழில் எழுதுகிறார்கள். அஞ்சல் முறையில் ஒலிப்படி தட்டும்போது முதலில் மெய்யெழுத்து வரும். அடுத்து உயிரைத் தட்டியதும் இரண்டும் சேர்ந்து உயிர்மெய் ஆகும். க் வந்த பிறகு ஆ வந்தால் கா. இந்த இரண்டு தட்டுகளுக்கு நடுவே இடம் மாறினால் க் ஒரு கட்டத்திலும் ஆ இன்னொரு கட்டத்திலும் நிற்கும். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குச் சொல் உடையும். நமக்கு எழுத்தே உடைகிறது.

ஐந்தாவது, கண் தெரியாதவர்களின் சிரமம். அவர்கள் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளைக் கொண்டு கணினியைப் பயன்படுத்துகிறார்கள். என்.வி.டி.ஏ. என்பது அவ்வகையில் விலையின்றிக் கிடைக்கும் ஒன்று. அது பக்கத்தை மேலிருந்து படித்து வரும். பக்கம் திறந்தவுடன் எழுத்து விழும் இடம் நடுவில் உள்ள கட்டத்துக்குத் தாவினால், மேலே எழுதியிருந்த அறிவிப்பு, கடைசி நாள், எச்சரிக்கை ஆகிய எதுவும் அவர் காதில் விழாமலே போகலாம்.

தீய எண்ணத்தோடும் இதைப் பயன்படுத்த முடிந்தது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் ஃபயர்பாக்ஸ், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஆகிய உலாவிகளில் ஓர் ஓட்டையை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். நாம் ஒரு கட்டத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருக்க, பக்கம் எழுத்து விழும் இடத்தை நொடிக்கு நொடி மாற்றி, தனக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் பொறுக்கி, கோப்பு அனுப்பும் கட்டத்தில் ஒரு கோப்பின் பெயராகச் சேர்த்துவிட முடிந்தது. நம் கணினியில் இருக்கும் கோப்பை நம் விரல்களைக் கொண்டே திருடும் வேலை இது. உலாவிகள் பிறகு அந்த ஓட்டையை அடைத்தன. இன்று கோப்பு அனுப்பும் கட்டத்தில் பெயரைத் தட்டி எழுத முடியாது. கோப்பை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

உலகம் இந்தத் தொல்லையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. இணையத்துக்கு வெளியேயும் இது இருந்தது. ஒரு செயலியில் எழுதும்போது இன்னொரு செயலி முன்னே வந்து குதிக்கும். வின்டோஸ் 98 முதல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதைக் கட்டுப்படுத்தியது. அழையாமல் முன்னே வர நினைக்கும் செயலி, திரையின் அடிப்பட்டையில் மின்னி மின்னிக் காத்திருக்க வேண்டும் என்று விதித்தது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே விழாமல் வாசலில் நில் என்று பிள்ளைக்குச் சொல்வதைப் போன்றதே இது.

2008இல் வெளியான, இணையத்தை எல்லாரும் பயன்படுத்துவதற்கான நெறிகளின் இரண்டாம் பதிப்பும் இதைப் பேசுகிறது. ஒரு கட்டத்தை நிரப்பியதாலேயே, முன்கூட்டிச் சொல்லாமல், பயனாளரை வேறிடத்துக்குத் தள்ளிவிடக் கூடாது என்பது அதன் கருத்து. 2014இல் உறுதியான ஐந்தாம் எச்.டி.எம்.எல். நெறி, ஒருவர் ஏற்கெனவே வேறு கட்டத்தில் எழுதத் தொடங்கிவிட்டால் ஆட்டோஃபோகஸ் குறிப்பை உலாவி புறக்கணிக்கலாம் என்று இடம் கொடுத்தது. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் வழியே வரும் கட்டளையை இது தடுப்பதில்லை. ஆகவே தொல்லை குறைந்திருக்கிறதே தவிர, தீர்ந்துவிடவில்லை.

இனி, நாம் செய்யக்கூடியவை என்ன என்று பார்ப்போம்.

எல்லாவற்றுக்கும் முதலாவது, பொறுமை. பக்கம் வந்துகொண்டிருக்கும் வரை உலாவியின் மேற்பகுதியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். அது நின்ற பிறகு எழுதத் தொடங்குங்கள். மறைச்சொல்லைத் தட்டும் முன் திரையை ஒருமுறை பாருங்கள். ஓர் எழுத்தைத் தட்டுங்கள்; அது புள்ளியாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகு மீதியைத் தட்டுங்கள். இந்தப் பழக்கத்துக்குக் காசு வேண்டாம். எந்தக் கணினியிலும் செல்லும்.

நீண்ட கடிதத்தையோ கட்டுரையையோ படிவத்தில் நேரடியாக எழுதாதீர்கள். நோட்பேட் போன்ற எளிய செயலியில் எழுதி வைத்து, பிறகு நகலெடுத்து ஒட்டுங்கள். பக்கம் போனாலும் எழுத்து நம்மிடம் இருக்கும்.

பொதுக் கணினியில் உட்கார்ந்தால் உலாவியின் தனிச் சாளரத்தைத் திறந்து வேலை செய்யுங்கள். அதில் எழுதியவற்றை, சாளரத்தை மூடிய பிறகு உலாவி நினைவில் வைத்துக்கொள்ளாது. மறைச்சொல் தவறிப்போய் வேறு கட்டத்தில் விழுந்து, அதை அனுப்பியும்விட்டால், அன்றைக்கே மறைச்சொல்லை மாற்றிவிடுங்கள். அந்தச் சொல் பரிந்துரைப் பட்டியலில் வந்து நின்றால், கீழ்நோக்கிய அம்பு விசையால் அதன்மேல் போய், ஷிஃப்ட் விசையோடு டிலீட் விசையைத் தட்டினால் நீங்கிவிடும்.

ஃபயர்பாக்ஸ் உலாவி வைத்திருப்பவர்கள் ஒரு படி மேலே போகலாம். முகவரிப் பட்டையில், இடைவெளி விடாமல், அபவுட் என்ற ஆங்கிலச் சொல், அடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக உள்ள இரட்டைப் புள்ளி, அடுத்து கன்ஃபிக் என்ற சொல் ஆகியவற்றைத் தட்டுங்கள். கவனமாக இருக்கும்படி ஓர் எச்சரிக்கை வரும். அதை ஏற்றுக்கொண்டு உள்ளே போனால் ஒரு தேடல் கட்டம் இருக்கும். அதில் பிரௌசர், ஒரு புள்ளி, ஆட்டோஃபோகஸ் என்று எழுதுங்கள். வரும் வரியில் ட்ரூ என்று இருப்பதை ஃபால்ஸ் என்று மாற்றிவிட்டால், ஆட்டோஃபோகஸ் குறிப்பை அந்த உலாவி இனிப் பொருட்படுத்தாது. அங்கே உள்ள மற்ற வரிகளில் கை வைக்க வேண்டாம். இது முதல் வழியை மட்டுமே அடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குரோம், எட்ஜ் உலாவிகளின் அமைப்புப் பக்கத்தில் இதற்கென்று தனிப் பொத்தான் கிடையாது. ஆனால் சில உலாவிகளில், மிகவும் தொல்லை தரும் ஒரு தளத்துக்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தி வைக்க வழி உண்டு. குரோமில் அந்தத் தளத்துக்குரிய அமைப்புகளில் போய் அதை மாற்றலாம். ஃபயர்பாக்சில் நோஸ்கிரிப்ட் என்ற துணைச்செயலியை விலையின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். செய்தி படிக்கும் தளங்களுக்கு இது பெரும்பாலும் ஒத்துவரும். வங்கிக்கும் விண்ணப்பங்களுக்கும் ஒத்துவராது. ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் அவை இயங்குவதே கடினம். அங்கே பொறுமைதான் மருந்து.

கைப்பேசியில் நிலைமை சற்று மேல். ஐபோனின் சஃபாரி உலாவியில், நாம் விரலால் தொட்டாலன்றி, பக்கம் திறந்தவுடன் விசைப்பலகை தானாக மேலே எழுவதில்லை. தொட்டவர் கையில்தான் விசைப்பலகை என்ற நல்ல நியதி அங்கே பெரிதும் காக்கப்படுகிறது.

கடைசியாக ஒன்று. தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் இன்று கணினித் துறையில் படிக்கிறார்கள். நாளை இத்தகைய படிவங்களை எழுதப்போகிறவர்கள் அவர்களே. அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான்: தம்பி, தங்கச்சி, நீங்கள் எழுதும் பக்கத்தை வேகமான இணைப்பில் மட்டும் சோதிக்காதீர்கள். மழை பெய்யும் இரவில், லயத்து வீட்டில், பழைய கணினியில் உங்கள் அம்மா அதை நிரப்புவதாக எண்ணிப் பாருங்கள். அவர் எழுதத் தொடங்கிவிட்டால் அவர் கையைத் தட்டிவிடாதீர்கள். அடையாள அட்டை எண்ணுக்கு மூன்று கட்டம் எதற்கு? ஒரே நீளக் கட்டம் போதுமே.

படிவத்தில் கோளாறு கண்டால் நாமும் வாளாவிருக்கக் கூடாது. எந்தப் பக்கம், எந்தக் கட்டம், என்ன நடந்தது என்று நான்கு வரியில் எழுதி, அந்தத் தளத்தை நடத்துகிறவர்களுக்கு அனுப்பலாம். பேக்ஸ்பேஸ் விசை திருந்தியதைப் போல இதுவும் திருந்தும்.

நேயர்களே, மங்கை நகர்த்தினால் பால் மண்ணில் போகும். அதற்காக வெட்டியவரை யாரும் குறை சொல்வதில்லை. அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது தப்பான கட்டத்தில் எழுதிவிட்டால், அவர்களை ஏசும் முன், இடத்தை மாற்றியது யார் என்று ஒரு கணம் திரையைப் பாருங்கள். பிறகு இருவருமாக உட்கார்ந்து, பக்கம் முழுவதும் வரும் வரை காத்திருந்து, நிதானமாக எழுதுங்கள்.